கியர் காரா, ஆட்டோமேட்டிக் காரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் விரைவில் கார் ஓட்டக் கற்கப் போகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது ஆட்டோமேட்டிக் கார். ஆனால், "முதலில் கியர் வண்டியில் கற்றுக்கொள், பிறகு எந்த வண்டியையும் ஓட்டலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வகையும் இருக்கின்றன. நான் எதைத் தேர்ந்தெடுக்கட்டும்?

பதில்: பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கியர் வண்டியில் பழகியவர் ஆட்டோமேட்டிக் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே அதை ஓட்டப் பழகிவிடுவார். ஆட்டோமேட்டிக்கிலேயே பழகியவரால் கியர் வண்டியை அப்படி எடுத்துச் சென்றுவிட முடியாது. ஆனால், கற்ற பின்பும் கியர் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுகிறவருக்குத்தான் அந்த அறிவுரை முழுதாகப் பொருந்தும். பயிற்சி வகுப்புகளில் மட்டும் இடது காலால் மிதிக்கும் கிளட்சைப் பழகிவிட்டு, உரிமம் கைக்கு வந்த நாளிலிருந்து வீட்டிலுள்ள ஆட்டோமேட்டிக் காரையே ஓட்டிக்கொண்டிருந்தால், இடது காலுக்கு அந்தப் பழக்கம் நிலைக்காது. சில ஆண்டுகள் கழித்து ஒரு கியர் வண்டியை ஓட்ட நேரும்போது ஏறத்தாழ முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே, உரிமம் பெற்ற முதல் ஆண்டில் நீங்கள் நாள்தோறும் ஓட்டப்போகும் வண்டி எந்த வகையோ, அந்த வகையிலேயே கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வீட்டில் ஆட்டோமேட்டிக் இருக்கிறது, அதிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன், நீங்கள் உரிமம் வாங்கப்போகும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்துத் தேறியவர் ஆட்டோமேட்டிக் காரை மட்டுமே ஓட்டலாம். கியர் கார் ஓட்ட வேண்டுமென்றால் அவர் மறுபடியும் ஓட்டுத் தேர்வு கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான உரிமம் '3ஏ' என்றும், மலேசியாவில் 'டிஏ' என்றும் தனியாகவே இருக்கின்றன. இந்தியாவிலோ காருக்கான உரிமம் இரண்டு வகைக்கும் ஒன்றுதான். ஜெர்மனி 2021 ஏப்ரலில் ஒரு நடுவழியைக் கொண்டுவந்தது: 45 நிமிட வகுப்புகள் பத்தையாவது கியர் காரில் முடித்து, பயிற்சிப் பள்ளியே நடத்தும் குறைந்தது 15 நிமிடச் சோதனை ஓட்டத்திலும் தேறியவர், இறுதித் தேர்வை ஆட்டோமேட்டிக் காரில் கொடுத்தாலும் இரண்டு வகைகளையும் ஓட்டலாம். அதாவது, கிளட்சையும் கியரையும் கையாளப் பழகுவதற்கு ஏழரை மணி நேரப் பயிற்சியும் ஒரு சோதனையும் போதும் என்று அந்த நாடு கருதுகிறது. கியர் வண்டி என்றாலே மிரள்கிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் வாங்கப்போகும் உரிமம் அப்படிப் பிரிக்கப்பட்டதாக இருந்து, வேலைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ கியர் வண்டியை ஓட்ட நேரும் என்றும் உறுதியாகத் தெரிந்தால், சிரமத்தைப் பாராமல் கியர் காரிலேயே தேர்வு கொடுத்துவிடுங்கள். "பின்னால் நேர்ந்தால் என்ன செய்வது" என்ற பொதுவான அச்சம் மட்டும் அதற்குப் போதுமான காரணம் ஆகாது.

ஆட்டோமேட்டிக்கை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம், புதிதாகக் கற்பவரின் கவனம் எங்கே செலவாகிறது என்பது. கியர் காரில் ஒரு சந்திப்பை நெருங்கித் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். கிளட்சை மிதித்து மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறக்கி, கிளட்சைக் குலுங்காமல் விட வேண்டும். இதற்கிடையிலேயே எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணித்து, சாலையைக் கடக்கும் மனிதரையும் கவனித்து, ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பழகியவருக்கு இவை தாமாக நடக்கும். புதியவரோ இரண்டாவது கியர் எங்கே இருக்கிறது என்று தலையைக் குனிந்து பார்த்துவிடுவார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. அந்த 11 மீட்டரும் அவர் சாலையைப் பார்க்காமல் கடந்த தூரம். ஆட்டோமேட்டிக் காரில் இந்தக் குனிதல் இல்லாமல் போகிறது. பிறருடைய வேகத்தை அளப்பது, இடைவெளி விடுவது, அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே உணர்வது ஆகியவற்றுக்கு மனம் முழுதாகக் கிடைக்கிறது. கற்க நெடுநாள் பிடிப்பதும் உயிரைக் காப்பதும் இந்தப் பகுதிதான், கிளட்ச் அப்படியன்று.

கியர் காரிலும் ஒரு நன்மை உண்டு. எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதை எஞ்சினின் ஒலியை வைத்தே அறிய வேண்டியிருப்பதால், அதில் கற்பவருக்கு வண்டியின் வேகமும் சுமையும் காதிலும் காலிலும் பதிந்துவிடுகின்றன. ஆட்டோமேட்டிக்கில் கற்கும் நீங்கள் அந்த உணர்வை ஸ்பீடாமீட்டரை அடிக்கடி பார்ப்பதன் மூலம் ஈடுசெய்ய வேண்டும். ஓசையின்றி வேகம் ஏறிவிடுவது இந்த வண்டிகளின் இயல்பு.

கேள்வி: எங்களிடம் கியர் கார்தான் இருக்கிறது. பயிற்சியில் ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் வண்டி குலுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். பேசாமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். வீட்டில் ஓட்டப்போவது கியர் கார் என்னும்போது, இந்தத் தடையைத் தாண்டுவதற்குத் தேவைப்படும் சில மணி நேரத்தை ஒதுக்குவதே நல்லது. வண்டி ஏன் ஆஃப் ஆகிறது என்று யாராவது ஒருமுறை விளக்கியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு கலக்கம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். "மெதுவாக விடு, மெதுவாக விடு" என்று சொல்வதோடு பல பயிற்சியாளர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள்.

எஞ்சின் அணையாமல் ஓடுவதற்குப் பெரும்பாலான கார்களில் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை தேவை. நிற்கும் காரின் சக்கரங்களோ சுற்றுவதே இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றையும் அசையாமல் நிற்கும் இன்னொன்றையும் சட்டென்று இணைத்தால், வண்டியின் முழு எடையும் எஞ்சினின் மேல் விழுந்து அதை நிறுத்திவிடும். இந்த இணைப்பைப் படிப்படியாக நடத்தித் தருவதற்காக இருப்பதுதான் கிளட்ச். எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் தட்டு இருக்கிறது. பெடலை முழுதும் மிதித்திருக்கையில் தட்டின் மேலுள்ள அழுத்தம் நீங்கிவிடுகிறது. பெடலை மேலே விட விட, தட்டு முதலில் வழுக்கியபடியே உரசி, பிறகு இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்த உரசல் தொடங்கும் இடத்தைத்தான் ஹாஃப் கிளட்ச் என்று சொல்கிறோம். அது பெடலின் முழு நடையில் மிகச் சிறிய பகுதி. காருக்குக் கார் அது இருக்கும் உயரமும் மாறும்.

அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பயிற்சி நேரத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். சமதளமான, ஆளில்லாத இடத்தில், முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், குதிகாலைத் தரையில் ஊன்றியபடி கிளட்சை மட்டும் மிக மெல்ல மேலே விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சினின் ஒலி சற்றுத் தாழ்ந்து கனமாகும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் விரல்களில் மெல்லிய நடுக்கம் தெரியும். சில கார்களில் முன்பக்கம் லேசாக நிமிர்வதுகூடத் தெரியும். அங்கேயே காலை நிறுத்துங்கள். வண்டி தானாக ஊர்ந்து நகரத் தொடங்கும். நகர்ந்த பிறகும் காலை உடனே எடுத்துவிடாமல் சற்று வைத்திருந்து, சக்கரங்கள் எஞ்சினின் வேகத்துக்கு ஈடுகொடுத்த பின்னரே முழுதாக விடுங்கள். வண்டி ஆஃப் ஆவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில், "நகர்ந்துவிட்டதே" என்ற நிம்மதியில் காலைச் சட்டென்று எடுக்கும்போதுதான். ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் இப்படி நகர்த்தக் கால் பழகிவிட்டால், ஆக்ஸிலரேட்டரைச் சேர்த்துக்கொள்வது சிரமமாக இருக்காது.

மேட்டில் கிளம்பும்போது ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்தக் கூச்சப்படாதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்ச் பிடிப்பதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் வண்டி பின்னால் உருளாது. மேட்டில் கிளட்சை மட்டும் வைத்தே வண்டியைத் தாங்கி நிறுத்திக்கொண்டிருப்பது சிலருக்குத் திறமையாகத் தோன்றலாம். உண்மையில் தட்டு இடைவிடாமல் உரசித் தேய்கிறது, கருகிய வாடை வருவதும் அதனால்தான். ஓட்டும்போது இடது காலைக் கிளட்ச் பெடலின் மேலேயே சாய்த்து வைத்திருப்பதும் இதே தேய்மானத்தைத் தரும்.

ஹாரன் அடிப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டி ஆஃப் ஆவது ஆபத்தன்று. பதற்றத்தில் அவசரமாகக் கிளம்புவதுதான் ஆபத்து. பிரேக்கை அழுத்தி, கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகள் முழுக்க உங்களுடையவை. பின்னால் இருப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார்கள் எல்லாம் ஒரே மாதிரி ஓடுமா? பயிற்சிப் பள்ளியில் ஓட்டிய கார் பிரேக்கை விட்டதும் தானே நகர்ந்தது; நண்பரின் கார் அப்படி நகரவில்லை.

பதில்: ஒரே மாதிரி ஓடாது, வேறுபாடு உள்ளே இருக்கும் அமைப்பில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் அறிமுகப்படுத்தி, 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் விற்ற ஹைட்ராமேட்டிக்தான் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதற்குப் பிறகு பல வழிகள் பிறந்துவிட்டன. டார்க் கன்வர்ட்டர் வகையில், எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுழல அதன் காற்றில் மற்றொன்று சுழல்வதைப் போல, எஞ்சின் சுழற்றும் எண்ணெயின் வேகமே கியர்பாக்ஸைத் தள்ளுகிறது. அதனால்தான் அந்தக் கார்கள் பிரேக்கை விட்டதும் ஊர்கின்றன. சிவிடி வகையில் அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பெல்ட் ஓடுவதால் கியர் மாறும் குலுக்கலே தெரியாது. இரட்டைக் கிளட்ச் வகையில் ஒற்றை எண் கியர்களுக்கு ஒன்றும் இரட்டை எண் கியர்களுக்கு ஒன்றுமாக இரண்டு கிளட்ச்கள் இருப்பதால் கியர் மிக விரைவாக மாறுகிறது.

உங்கள் நண்பரின் கார் ஏஎம்டியாக இருக்கலாம். அது அடிப்படையில் சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் உங்களுக்குப் பதிலாக இயந்திரக் கருவிகள் செய்கின்றன. அதனால் கியர் மாறும்போது ஒரு சிறு இடைவெளி உணரப்படும், சில கார்கள் தாமாக ஊர்வதில்லை, மேட்டில் பிரேக்கை விட்டால் பின்னால் உருளவும் கூடும். டார்க் கன்வர்ட்டர் காரில் கற்றவர் ஏஎம்டி காருக்கு மாறும்போது, முதலில் ஒரு மேட்டில் நிறுத்திக் கிளம்பிப் பார்த்துவிடுவது அவசியம்.

கேள்வி: அறுபது வயதைக் கடந்த என் தந்தை இப்போதுதான் கார் ஓட்டக் கற்கிறார். முழங்கால் வலி இருப்பதால் ஆட்டோமேட்டிக் காரில் சேர்த்திருக்கிறோம். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: முழங்கால் வலி உள்ளவருக்கு ஆட்டோமேட்டிக் சரியான தேர்வு, நெரிசலில் கிளட்சை ஓயாமல் மிதிப்பது நல்ல கால்களுக்கே சோதனை. வலி வலது முழங்காலில் என்றால், பிரேக்கைத் தயங்காமல் பலமாக அழுத்த முடிகிறதா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உங்கள் பயமும் நியாயமானதே. கியர் காரில் இந்தத் தவறு நேர்ந்தால், கூடவே கிளட்சையும் மிதிக்கும் பழக்கத்தால் எஞ்சினின் விசை பல சமயங்களில் சக்கரத்துக்குப் போகாமல் நின்றுவிடும். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தடுப்பு இல்லை. வண்டி எதிர்பாராமல் பாய்ந்ததும், மிதித்திருப்பது பிரேக்தான் என்று நம்புகிறவர் அதையே இன்னும் பலமாக மிதிப்பார். விபத்து அங்கேதான் நேர்கிறது. முதியவர்களுக்கு மட்டுமல்ல, எல்லா வயதினருக்கும், குறிப்பாகப் புதியவர்களுக்கு, வண்டியை நிறுத்துமிடத்தில் விடும்போதும் எடுக்கும்போதும் இது நேரக்கூடும்.

இதைத் தவிர்க்கும் பழக்கங்களை முதல் நாளிலிருந்தே ஊட்ட வேண்டும். இரண்டு பெடல்களுக்கும் வலது கால் ஒன்றுதான். இடது கால் தனக்குரிய ஓய்விடத்தை விட்டு நகரவே கூடாது. குதிகாலைப் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றிக்கொண்டு, ஆக்ஸிலரேட்டருக்குப் பாதத்தின் முன்பகுதியை மட்டும் சாய்த்தால், கால் தளரும்போது இயல்பாகப் பிரேக்கின் பக்கமே திரும்பும். பாதம் சிறியதாக இருந்து இது இயலாவிட்டால், ஆக்ஸிலரேட்டரை விடும் ஒவ்வொரு முறையும் காலைப் பிரேக்கின் மேல் கொண்டுவந்து வைக்கப் பழக வேண்டும். காரைப் பின்னால் எடுக்கும்போது உடல் திரும்ப, இடுப்போடு காலும் சற்று நகர்ந்துவிடும். ஆகவே திரும்பிப் பார்த்த பிறகு பிரேக்கை ஒருமுறை அழுத்திக் கால் இருக்கும் இடத்தை உறுதி செய்துகொண்டே நகர வேண்டும். சமதளத்தில் நிறுத்தும் இடங்களில் ஊர்ந்து செல்லும் வேகமே போதும். அங்கே ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டியதில்லை. நழுவும் செருப்பு வேண்டாம். அடிப்பகுதி மெல்லிதாக, காலோடு ஒட்டியிருக்கும் காலணி நல்லது.

பயிற்சியாளர் இல்லாத நேரத்தில் நீங்கள் பக்கத்தில் அமர்ந்து செல்வதாக இருந்தால், ஒரு பயிற்சியை அடிக்கடி செய்யச் சொல்லுங்கள்: காலியான இடத்தில், குறைந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நீங்கள் "நிறுத்துங்கள்" என்றதும் அப்பா பிரேக்கை முழுதாக அழுத்த வேண்டும். யோசிக்காமலே கால் அந்த இடத்துக்குப் போகும்வரை அவர் நெரிசலான இடங்களுக்கு வண்டியை எடுத்துச் செல்லாமல் இருப்பது நல்லது.

நிறுத்திவிட்டு இறங்கும் வரிசையும் முக்கியம். பிரேக்கை அழுத்தியபடியே ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிறகு லீவரை 'பி' என்ற பார்க் நிலையில் வைத்து, எஞ்சினை அணைத்த பின்னரே காலை எடுக்க வேண்டும். 'பி' நிலையில் வண்டியைப் பிடித்திருப்பது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு உலோகக் கொக்கிதான். சரிவில் காரின் எடை முழுவதையும் அதன் மேல் சுமத்தக் கூடாது. லீவர் முன்னால் செல்வதற்கான 'டி'-யிலோ பின்னால் செல்வதற்கான 'ஆர்'-இலோ இருக்கும்போது, எதையாவது எடுக்கவோ யாரிடமாவது பேசவோ கதவைத் திறந்து இறங்குவது என்பது எப்போதும் கூடாது.

கேள்வி: மலைப்பாதை இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் காரைக் கட்டுப்படுத்த முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையன்று. ஓட்டுகிறவர் 'டி'-யிலேயே விட்டுவிட்டு நெடுந்தூரம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும்; கியர் காரை நான்காவது கியரில் இறக்கினாலும் அதுவேதான் நடக்கும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் 'எல்', '2', 'எம்' போன்ற நிலைகளோ, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் குறைக்கும் பட்டைகளோ இருக்கின்றன. இறக்கம் தொடங்கும் முன்பே அவற்றால் கியரைக் குறைத்துவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் இறக்குவது மட்டும் எந்த வகைக் காரிலும் கூடாது.

கேள்வி: ஆட்டோமேட்டிக்கில் உரிமம் பெற்றுச் சில ஆண்டுகளாக நன்றாக ஓட்டுகிறேன். இப்போது வேலைக்காகக் கியர் வண்டியை ஓட்ட வேண்டியிருக்கிறது. மின்சாரக் கார்கள் வந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில் இனிமேல் கிளட்சைக் கற்பது வீண்தானே?

பதில்: பெரும்பாலான மின்சாரக் கார்களில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது, கிளட்சும் கிடையாது, உரிமத்தைப் பிரிக்கும் பிரிட்டன் போன்ற நாடுகளில் அவை ஆட்டோமேட்டிக்காகவே கொள்ளப்படுகின்றன. அந்தப் போக்கில் பார்த்தால் கிளட்சின் தேவை ஆண்டுக்கு ஆண்டு குறையும். ஆனால் உங்கள் முன்னால் இருப்பது இன்றைய வேலை. அந்த வேலைக்குக் கியர் வண்டி தேவை என்றால் கற்பதில் வீண் எதுவும் இல்லை. உங்கள் உரிமம் அதற்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தராவிட்டால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

சாலையைப் பற்றிய அறிவு உங்களுக்கு ஏற்கெனவே இருப்பதால், முதல் முறை கற்பவரைவிட நீங்கள் விரைவாகவே முன்னேறுவீர்கள். மேலே கிளட்சைப் பற்றிச் சொன்ன பயிற்சியை அப்படியே செய்யுங்கள். நின்ற வண்டியில், எஞ்சின் அணைந்திருக்கையில், கிளட்சை மிதித்துக்கொண்டு, லீவரைக் குனிந்து பார்க்காமல் எல்லாக் கியர்களையும் வரிசையாகவும் மாற்றியும் போட்டுப் பழகுங்கள். உங்களைப் போல் மாறுகிறவர்களிடம் வழக்கமாகத் தென்படும் குறை, நிற்கப்போகும்போது கிளட்சை மிதிக்க மறந்துவிடுவது. வண்டி ஏறத்தாழ நிற்கும் தறுவாயில் இடது காலால் கிளட்சை மிதிக்க வேண்டும் என்பதைச் சில நாள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினால் பதிந்துவிடும்.

மாலையில் வீடு திரும்பி உங்கள் ஆட்டோமேட்டிக் காரை எடுக்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். நாள் முழுவதும் கிளட்சை மிதித்த இடது கால், இல்லாத கிளட்சைத் தேடி அகலமான பிரேக் பெடலின் ஓரத்தைப் பலமாக அழுத்திவிடும். வண்டி நடுச்சாலையில் சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவர் வந்து மோதக்கூடும். கிளம்பும் முன் இடது காலை நன்றாகப் பின்னுக்கு இழுத்தோ, ஓய்விடத்தில் ஊன்றியோ வைத்துக்கொண்டு, முதல் சில நிமிடங்கள் போக்குவரத்து குறைவான வழியாக ஓட்டுங்கள்.